காய்ச்சல் கண்ட தாமரை

குன்னூருக்குப் பக்கத்தில், எங்கள் ஜெகதளாவில் என்னைப் பொய்யன் என்று யாரும் சொல்வதில்லை. "ஆறுக்குட்டி சொன்னாரு" என்பார்கள். அதற்கு அர்த்தம் அதுதான்.

நாற்பத்தோரு வருஷம் தேயிலை ஃபேக்டரியில் ஹீட்டருக்கு விறகு போட்டவன் நான். பச்சை இலையாக உள்ளே வந்தது கறுப்புத் தூளாக வெளியே போவதற்கு நடுவில் ஒரு நெருப்பு உண்டல்லவா, அது என் பொறுப்பு. ஒரு கிலோ தூள் காய்வதற்கு ஒன்றரைக் கிலோ விறகாவது வேண்டும். மீட்டர் பழுதான நாட்களில் மேனேஜர் என் உள்ளங்கையைத்தான் கேட்பார். நான் காற்றில் கையை நீட்டிச் சொல்வேன், அவர் எழுதிக்கொள்வார். ஆகவே சூடு என்றால் என்ன, அதற்கு எவ்வளவு எரிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

அந்தக் காலத்தில் ஒரு காட்டெருமை தினமும் ஷிஃப்ட் மாறும் நேரத்துக்கு வந்து, ஹீட்டர் இருக்கும் சுவரில் முதுகைச் சாய்த்துக் குளிர்காயும். ஞாயிற்றுக்கிழமை வராது. ஞாயிற்றுக்கிழமை லீவு என்று அதற்கு எப்படித் தெரியும் என்று சிலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். எருமையைக் கேட்க வேண்டியதை என்னைக் கேட்டால் நான் என்ன சொல்ல முடியும்?

நான் சொன்னதிலேயே பெரியது இதுவல்ல. அது பெண் பார்க்கப் போன இடத்தில் சொன்னது.

மலைக்குக் கீழே, சூலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. பாப்பம்மாளின் அப்பா பேச்சுவாக்கில், "மலை மேல தண்ணி வசதியெல்லாம் எப்படீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டார். அவர் கேட்டது குடிதண்ணீரைப் பற்றி. வரும் வழியில் அவர்கள் ஊர்க் குளத்தில் தாமரை பூத்துக் கிடந்ததைப் பார்த்திருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"ஊட்டுக்குப் பின்னால தாமரைக்குளமே இருக்குதுங்க மாமா."

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

தையில் கல்யாணம். பாப்பம்மாள் மலையேறி வந்து, பெட்டியைக்கூட இறக்காமல் நேராக வீட்டுக்குப் பின்பக்கம் போனாள். பத்தடிக்கு ஆறடியில் ஒரு தொட்டி இருந்தது. தை மாதத்து உறைபனி அதன் மேல் தகடு போட்டிருந்தது. ஒரு கல்லை எடுத்துப் போட்டாள். கல் முழுகாமல் உருண்டு அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

"தாமரை எங்கீங்க?"

"பனிக்கு அடியில போயிருக்குது. வெயில் வந்தா மேல வரும்."

நாற்பத்தைந்து வருஷமாக வெயில் வந்துகொண்டுதான் இருக்கிறது. நானும் சும்மா இருக்கவில்லை. ஏழெட்டுத் தடவை கீழேயிருந்து கிழங்கு கொண்டுவந்து போட்டேன். எல்லாம் அழுகிப் போயிற்று. தாமரை சூட்டுக்குப் பிறந்தது. ஆறாயிரம் அடி உயரத்தில், சித்திரையிலும் கம்பளி போர்த்துகிற ஊரில், அதற்கு என்ன வேலை? வீட்டில் ஏதாவது தகராறு என்றால் பாப்பம்மாள் அதிகம் பேச மாட்டாள். பின்பக்க ஜன்னலைத் திறந்துவிடுவாள். தொட்டி தெரியும். தகராறு முடிந்துவிடும்.

இந்த வருஷம் தையில் அவளுக்கு விரல்கள் மடங்காமல் போயின. காலையில் எழுந்தால் காப்பி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத்தான் தூக்க முடிந்தது. முட்டியும் அப்படியே. கோயம்புத்தூரிலிருந்து மகன் கீர்த்திவாசன் போன் செய்தான்.

"அம்மா, கீழ் ரூம் காலியாத்தான் கெடக்குது. ரெண்டு பேரும் வந்துருங்க. ஆடி பொறந்தா ஊடு மாத்தக் கூடாதும்பீங்க. ஆனிக்குள்ள வண்டி கொண்டுட்டு வர்றேன்."

பாப்பம்மாள் சரி என்றுவிட்டாள். என்னையும் சேர்த்துத்தான். எனக்கு அந்த ஊர் ஒத்துவராது. வெயில் காரணமில்லை. அங்கே நான் எருமைக் கதையைச் சொன்னால் கேட்கிறவன் உடனே செல்போனில் தேடிப் பார்ப்பான். அப்படிப்பட்ட இடத்தில் மனுஷன் எத்தனை நாள் இருக்க முடியும்?

"ஆனிக்குள்ள நம்ம குளத்துல தாமரை பூத்துச்சுன்னா?" என்றேன்.

அவள் வெகுநேரம் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பூக்கட்டும். ஒரே ஒரு பூப் பூத்தாலும் நான் இந்த ஊட்டை உட்டு நகர மாட்டேன். பூக்கலைன்னா, வண்டி ஏறுறப்ப ஒரு கதை சொல்லக் கூடாது. ஒரு வார்த்தை பேசக் கூடாது. சரிங்களா?" என்றாள்.

சரி என்றேன். பேசாமல் இருப்பதுதான் எனக்கு அதில் பயமாக இருந்தது.

குன்னூர் மார்க்கெட்டில் விதைக்கடை வைத்திருக்கும் ரஹ்மத்துல்லாவிடம் போனேன். கிழங்கு வேண்டும் என்றதும் அவர் தராசை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"தாமரையா? ஆறுக்குட்டிண்ணே, கூடவே ஒரு ஸ்வெட்டரும் வாங்கிட்டுப் போங்க. அதுக்குத்தான்."

சிரித்தாலும் கீழே சொல்லியனுப்பி, மாசியில் நல்ல கிழங்காக வரவழைத்துக் கொடுத்தார். நேந்திரம்பழம் போல மூன்று கணு. "முனை ஒடியக் கூடாதுண்ணே. களிமண்ணுல படுக்க வைங்க. எரு கொஞ்சமாப் போடுங்க. கொஞ்சமான்னா, உங்க கொஞ்சம் இல்ல, என் கொஞ்சம்."

தொட்டிக்கு அடியில் கறுப்புத் தார்ப்பாய் விரித்துக் களிமண் நிரப்பினேன். இங்கே மலை மேலேயே இருக்கும் சோலூரில் காய்கறி போடும் ஒருவர் பிய்ந்துபோன பாலித்தீன் கூடாரத்தைக் கொடுத்தார். அதைக் கூரையாகக் கட்டினேன். இதுவரை சரி. அப்புறம்தான் தப்புப் பண்ணினேன்.

தேயிலைக்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. தூள் சலித்தபின் நிற்கும் கழிவு இருக்கிறதே, அதைவிடச் சிறந்த எரு உலகத்தில் இல்லை என்று நம்புவான். ரோஜாவுக்கும் அதுதான், முருங்கைக்கும் அதுதான். பழைய ஃபேக்டரியில் கேட்டு ஒரு மூட்டை வாங்கிவந்து அப்படியே தொட்டிக்குள் இறக்கிவிட்டேன். காலையில் பார்த்தால் தண்ணீர் முழுக்க டிகாஷன்.

பாப்பம்மாள் எட்டிப் பார்த்தாள். "பால் எப்ப ஊத்துவீங்க?"

தவளைகள் அதைக் குடித்துவிட்டு மூன்று நாள் தூங்கவில்லை. நான்காம் நாள் எல்லாவற்றுக்கும் தொண்டை கட்டிவிட்டது. கிழங்கும் போயிற்று என்று நினைத்து மூட்டையை வெளியே இழுக்கக் கையை விட்டேன். அப்போதுதான் கவனித்தேன். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. பக்கத்து வாளித் தண்ணீரில் கையை விட்டேன். ஜில்லென்று இருந்தது. கறுப்புத் தண்ணீர் வெயிலைக் குடித்துக்கொண்டிருந்தது! மூட்டையை அப்படியே விட்டுவிட்டு, இது என் திட்டம் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

பங்குனியில் தண்ணீர் மேல் இலை மிதந்தது. சித்திரையில் இலைகள் எழுந்து நின்றன. அப்படி நின்ற இலையை இந்த மலையில் நான் பார்த்ததில்லை. தட்டு அகலம். மழைத்துளி விழுந்தால் உருண்டோடும், ஒட்டாது. வைகாசி முதல் வாரத்தில் இரண்டு இலைக்கு நடுவே கட்டைவிரல் பருமனில் ஒரு மொட்டு தலை நீட்டியது.

பக்கத்து வீட்டுக் காளியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆறு வயதில் சிலோனிலிருந்து வந்தவள். பதினைந்து வயதில் முதுகில் கூடை மாட்டி, முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து கிள்ளி ரிட்டயர் ஆனவள். குனிந்து, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மொட்டு இன்னும் இருபது நாளில் எப்படி விரியும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன்.

'டிக்' என்று ஒரு சத்தம்.

மொட்டு அவள் கையில் இருந்தது. கை அதோடு நிற்கவில்லை. தோளுக்கு மேலாகப் பின்னால் போயிற்று, கூடையில் போட. அங்கே கூடை இல்லாததால்தான் அவளுக்கு நினைவே வந்தது.

"ஐயோ அண்ணே! ஐயோ! நான் ஒண்ணும் பண்ணலண்ணே, கை தானா போயிருச்சு! ரெண்டு இலை, நடுவுல மொட்டு, அது பாட்டுக்கு நிக்குது... எத்தன வருசமா அதையே கிள்ளுன கை..."

பாப்பம்மாள் முகத்தில் ஜெயித்த களை இருக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை. அவள் காளியம்மாள் கையிலிருந்த மொட்டை வாங்கிக்கொண்டு போய், ஒரு டம்ளரில் தண்ணீர் விட்டு வைத்தாள். மூன்று நாள் அதைத் தண்ணீர் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். விரியவில்லை. நான்காம் நாள் குப்பையில் போடாமல் தொட்டியிலேயே கொண்டுபோய்ப் போட்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு காளியம்மாள் தினமும் காலையில் வருவாள், இரண்டு கைகளையும் சால்வைக்குள் இறுக்கிக் கட்டிக்கொண்டு. "கிள்ளுனா அடுத்த சுத்துக்குத் துளுக்கும்ணே, கவலப்படாதீங்க" என்பாள். தாமரை தேயிலை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அது தாமரைக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. பன்னிரண்டாம் நாள் இன்னொரு மொட்டு வந்தது. "சொன்னேன்ல?" என்றாள் காளியம்மாள். கையை மட்டும் வெளியே எடுக்கவில்லை.

இது மெதுவாக வளர்ந்தது. ஆனி பிறந்ததும் பனிமூட்டம், எங்கள் பேச்சில் மஞ்சு, இறங்கிவிட்டது. இருபத்திரண்டாம் தேதிக்குப் பிறகு வெயிலே இல்லை. மொட்டு ஒரு குழந்தையின் கைமுட்டி அளவுக்கு வந்து, அப்படியே நின்றுவிட்டது. ஆனி முப்பத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வண்டி வருகிறது. இருபத்தாறாம் தேதி மாலை நான் ஒரு கெட்டிலில் வெந்நீர் போட்டு எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனேன்.

"வேவிச்சுப் போடுவீங்க. வெய்யுங்க கீழ" என்றாள் பாப்பம்மாள், ஜன்னலிலிருந்து.

வைத்தேன்.

மறுநாள் காலை ஆறு மணி. மஞ்சில் வேலி தெரியவில்லை. வாயைத் திறந்தால் புகை வந்தது. தடவிக்கொண்டு தொட்டிக்குப் போய்ப் பாலித்தீனைத் தூக்கினேன்.

பூத்திருந்தது.

இந்த இடத்தில் நான் ஒன்றும் சேர்க்கப்போவதில்லை. வழக்கமாகச் சேர்ப்பேன். இங்கே சேர்க்க இடமில்லை.

இளஞ்சிவப்பு. முழுக்க விரியவில்லை, கை கூப்பியவர் லேசாக விரல்களைத் தளர்த்திய மாதிரி. சுற்றிலும் இலைகளெல்லாம் பனிநீர் கோத்துக் கனத்துத் தலை சாய்ந்திருக்க, பூ மட்டும் காய்ந்து, சுத்தமாக நின்றது. வாசம் பார்க்கக் குனிந்தேன். என் முகத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

நிமிர்ந்து பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை. மறுபடியும் குனிந்தேன். மறுபடியும் வந்தது. வெதுவெதுப்பான மூச்சு, பூவுக்கு உள்ளேயிருந்து.

என் கையை நான் நம்புவேன். உள்ளங்கையைத் தண்ணீரில் வைத்தேன். சில்லிட்டது. தண்டைப் பிடித்தேன், குளிர். இலை, குளிர். இதழ்களுக்கு நடுவே இரண்டு விரலை விட்டேன். சூடு. வெயில்பட்ட சூடு இல்லை, வெயில் பட்டு ஐந்து நாளாயிற்று. உள்ளே எதுவோ எரிந்தால் வருகிற சூடு.

நாற்பத்தோரு வருஷம் நான் சூடு உண்டாக்கியவன். லாரி லாரியாக சவுக்கும், கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸும் எரித்திருக்கிறேன். காற்றாடி ஓடும், புகைக்கூண்டு உறுமும், புருவம் பொசுங்கும். இங்கே ஒரு சுள்ளி இல்லை. ஒரு பொறி இல்லை. ஒரு சத்தம் இல்லை. ராத்திரி முழுக்க மலையே விறைத்துக் கிடந்திருக்கிறது. இது மட்டும் டீத்தண்ணீருக்கு நடுவில் ஒற்றைக்காலில் நின்று, தன் பாட்டுக்குத் தன்னைச் சூடாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை. யாருக்கும் சொல்லவுமில்லை.  தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

பாப்பம்மாள் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தாள். நான் கூப்பிடவில்லை. நான் பேசாமல் இருந்த சத்தம் கேட்டுத்தான் வந்திருக்க வேண்டும்.

பூவைப் பார்த்தாள். 

"கையை வை" என்றேன்.

"என்ன கதைங்க இது?"

"கதை இல்ல. வை."

மடங்காத அந்த விரல்களை மெதுவாக உள்ளே விட்டாள். அவள் முகம் மாறியது. விரலை எடுக்கவில்லை. அடுத்த கையையும் கொண்டுபோய்ப் பூவைச் சுற்றிப் பொத்திக்கொண்டாள், காப்பி டம்ளரைப் பிடிப்பது போல. மஞ்சு எங்கள் மேல் நகர்ந்துகொண்டிருந்தது. எங்கோ கீழே அருவங்காட்டு ரயில் கூவியது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்குவதை நான் பார்த்தேன்.

"ஏனுங்க," என்றாள் ரகசியமாக, "இதுக்குக் காச்சல் அடிக்குதுங்க."

உள்ளே போய்த் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்தாள். வெளிக்காற்றில் பிடித்தால் அது எண்ணே காட்டவில்லை, அந்தக் குளிரை அதற்கு அளக்கத் தெரியாது. பூவுக்குள் வைத்தாள். பிள்ளைக்கு வைப்பது போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பீப்பீ என்றது. தொண்ணூற்று நாலு புள்ளி ஆறு.

"நம்ம அளவுக்கு நாலு கம்மி. அவ்வளவுதான்" என்றாள். 

பூவின் நடுவே விதை கட்டும் மஞ்சள் பொகுட்டு. அதன் மேல் நாலு கறுப்பு வண்டுகள், சின்னவை, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. செத்துவிட்டன என்று நினைத்தேன். தெர்மாமீட்டர் பட்டதும் ஒன்று சோம்பலாகக் காலை நீட்டி மறுபடி மடக்கிக்கொண்டது.

"குளிர் காயுதுங்க!" என்றாள் பாப்பம்மாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப... அந்த எருமைக் கதையும் நெசந்தானுங்களா?"

அந்த ஒரு நிமிஷத்தில் நான் எதைச் சொன்னாலும் அவள் நம்பியிருப்பாள். அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

காளியம்மாள் வந்தாள். பாப்பம்மாளே அவள் சால்வை முடிச்சை அவிழ்த்து, கையைப் பிடித்து உள்ளே வைத்தாள். காளியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். "பச்சப்புள்ள உச்சந்தலை மாதிரி இருக்குதுக்கா" என்றாள். 

அன்று மாலை பூ இதழை மூடிக்கொண்டபின், நான் பாப்பம்மாளிடம் சொன்னேன்: "போலாம் பாப்பா. பூத்துருச்சு, எனக்கு அது போதும். உன் விரலுக்குச் சூடு வேணும். அது கீழதான் இருக்குது."

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"இன்னிக்கு முழுக்க நெசந்தான் சொல்லிட்டு இருக்கறேன். எனக்கே ஒரு மாதிரி இருக்குது."

அவள் சாமான் கட்ட ஆரம்பித்தாள். பூ மறுநாள் காலை முழுக்க விரிந்தது. மூன்றாம் நாள் சூடு குறைந்தது. நான்காம் நாள் இதழ்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கின. பாப்பம்மாள் தெர்மாமீட்டர் படத்தை மகனுக்கு வாட்ஸப்பில் அனுப்பி, போனிலும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது. பீரோவும் கட்டிலும் ஏறின. பாப்பம்மாள் கீர்த்திவாசனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். தண்டின் உச்சியில் பொகுட்டு மட்டும் பச்சையாக, பூவாளியின் மூக்கு மாதிரி நின்றது. அவன் விரலை வைத்தான். குளிர்ந்துதான் இருந்தது.

"இப்ப இல்ல கண்ணு, பூத்த அன்னிக்கு. உள்ள கையை உட்டா அடுப்பு மாதிரி. தெர்மாமீட்டர் அனுப்புனனே?"

கீர்த்திவாசன் சிரித்தான். நல்ல பையன், அன்பாகத்தான் சிரித்தான்.

"அம்மா, அதை அப்பா கக்கத்துல வெச்சு எடுத்திருப்பாரு. அவரைத்தான் தெரியுமே. நீங்களுமா இப்பிடி? நாப்பத்தஞ்சு வருசத்துல உங்களுக்கும் ஒட்டிக்கிச்சு."

"நான் பாத்தேன் தம்பி!" என்றாள் காளியம்மாள்.

"அந்த முதல் மொட்டைக் கிள்ளுன அக்கா நீங்கதானுங்களே?" என்றான் அவன்.

பாப்பம்மாள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாழ்நாளில் யாரும் அவளைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம். அவளுக்குப் புதிது.

"பீரோவை இறக்குடா" என்றாள்.

"அம்மா?"

"கட்டிலையும் இறக்கு. அடுத்த வருசம் பூக்கும். நான் போன் பண்ணுனா அன்னிக்கே கெளம்பி வா. உன்ற கையைப் புடிச்சு உள்ள உடறேன். அது வரைக்கும் நான் எங்கயும் வர்றதா இல்ல."

"முட்டி வலிக்குதுன்னீங்களேம்மா?"

"வலிக்கட்டும். பொய்க்காரின்னு பேரோட வந்து உன்ற ஊட்டுல சோறு திங்க முடியாது."

வண்டி காலியாகத் திரும்பியது. மறுநாள் ஆடி பிறந்தது.

இப்போது ஊரில் கதை சொல்வது பாப்பம்மாள்தான். போன வாரம் ரஹ்மத்துல்லா கிழங்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தார். அவரை உட்கார வைத்து முதலிலிருந்து சொன்னாள். அவள் கதையில் வண்டுகள் ஒன்பதாகிவிட்டன. ரஹ்மத்துல்லா டீயைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நெசமாண்ணே?"

"அவ எதையும் கூட்டிச் சொல்ல மாட்டா" என்றேன்.

பூ இல்லாத தொட்டியில் பழுத்த இலைகளும் கறுப்புத் தண்ணீரும்தான் இருக்கின்றன. சாயங்காலம் ஆனால் பாப்பம்மாள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு, சேற்றில் படுத்திருக்கும் கிழங்கைத் தொட்டுப் பார்க்கிறாள். நேற்றும் பார்த்தாள்.

"ஒண்ணும் சூடு இல்லீங்களே" என்றாள்.

"விறகு சேத்துக்கிட்டு இருக்குது" என்றேன்.

தலையாட்டிக்கொண்டாள். நம்பிவிட்டாள். நானும் நம்பித்தான் சொன்னேன்.